அந்தப் பொம்பளையை எங்கே வெட்டி எடுத்தார்கள்?

கண்ணை விட்டுப் போனாலும் என் கோபத்தை விட்டுப் போகாத மாமாவுக்கு,

பஞ்சு எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் கை. எழுத்து அங்கே இங்கே சாயும், நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஏனென்றால் திண்டுக்கல்லில் பாதிப் பேர் செல்போனில் நான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறேன். தியேட்டர் வாசலில் ஒரு பொம்பளை மைக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைய எங்கய்யா வெட்டி எடுத்தீங்க?" என்று கத்துகிறாளே, அது நான்தான்.

அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்களாம். பக்திப் படத்துக்குப் போகவேண்டிய அம்மா கதவு மாறிப் போய்விட்டது என்று ஒருவன். ரத்தத்தைப் பார்த்துத் தலை கிறுகிறுத்துவிட்டது, யாராவது சோடா வாங்கிக் கொடுங்கள் என்று ஒருவன். "படத்தை விட இந்த அம்மா நல்ல காமெடி" என்று எழுதினவனுக்குத்தான் ஆதரவு அதிகமாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் உங்களிடம்தான்.

ஆமாம் மாமா, உங்கள் படத்தை மறுபடியும் போட்டார்கள். அந்த ஹீரோவுக்குப் பிறந்தநாளாம், அதற்காகவாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்த நாளெல்லாம் எனக்கு அப்படியே நினைவு இருக்கிறது. பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கி முடித்ததும், மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேரே காலைக் காட்சிக்குக் கிளம்பிவிடுவீர்கள். கூட அருளப்பன் அண்ணன். மார்க்கெட் வாசலில் ஆட்டோ போட்டிருக்கும் அவர்தான் உங்களுக்குச் சினிமாக் கூட்டாளி. என்னையும் கூட்டிப் போங்கள் என்று நான் கேட்காத நாள் உண்டா?

"அது பொம்பளைக பாக்குற படமில்ல பஞ்சு. ஒரே வெட்டுக்குத்து. நீ கோழி அறுத்தாலே மூஞ்சியத் திருப்புற ஆளு."

"பொம்பளைக வாரதே இல்லையாக்கும்?"

"வாரவுக வாராக. நீ வேணாம்."

அந்த 'நீ வேணாம்' எனக்கு எப்படிக் குத்தும் என்று உங்களுக்குத் தெரியுமா? மற்ற பொம்பளைகள் வரலாம், நான் மட்டும் வரக்கூடாது.

மத்தியானம் வீட்டுக்கு வருவீர்கள். நான் மிளகாய் மண்டியிலிருந்து எடுத்துவந்த வத்தலைக் குவித்துவைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பேன். எதிரே உட்கார்ந்து, நெடியில் தும்மிக்கொண்டே கதையை ஆரம்பிப்பீர்கள். சும்மா சொல்வீர்களா? முறம் உங்களுக்குக் கேடயம், விளக்குமாறு உங்களுக்கு வாள். கல்யாண மண்டபத்தில் நாற்பது பேர் அரிவாளோடு ஹீரோவைச் சுற்றி நிற்பார்கள். அதற்கு முந்தின சண்டையில் ஒருவன் தலை பறந்துபோய்ப் பாயச அண்டாவில் விழும். விழுந்த தலை நாக்கை நீட்டி ருசி பார்த்துவிட்டு, "முந்திரி பத்தல" என்று சொல்லும். நான் சிரித்துச் சிரித்து, வத்தல் கை என்பதை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது எரிய, நீங்கள் சொம்பில் தண்ணீர் எடுத்து ஓடிவருவீர்கள். நீங்கள் மட்டும் சிரிக்கமாட்டீர்கள். மீசைக்குள்ளே எதையோ அடக்கிவைத்திருப்பீர்கள்.

அப்புறம் அவள் வருவாள்.

"ஹீரோ குத்துப்பட்டுக் கீழ கெடக்கான் பஞ்சு. எல்லாரும் முடிஞ்சான்னு நெனைக்கிறான். அப்பத்தான் அவன் பொண்டாட்டி வாரா. கையில அருவா இல்ல, துப்பாக்கி இல்ல. இட்லிச் சட்டி மூடி. ஆவி இன்னும் சொட்டுது. முந்தானைய இழுத்துச் சொருகுறா. நாப்பது பேரையும் ஒரு பார்வ பாக்குறா. 'எல்லாரும் வந்தாச்சா, இன்னும் ஆளு வரணுமா? வரணும்னா செத்த உக்காருங்க, மொத்தமா முடிச்சிருவோம்'ங்கிறா. ஏ யப்பா! கொட்டகையே எந்திரிச்சு நிக்குது!"

அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நம் கல்யாணத்தன்று கூட நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. எனக்கு வத்தலை விட வயிறு எரியும்.

"நல்லா இருப்பாளோ?"

"இருப்பா."

"செவப்போ?"

"செவப்பெல்லாம் இல்ல."

"அப்ப என்னத்துக்கு அவளுக்கு இம்புட்டு ஆட்டம் ஆடுறீக?"

"அவ நிக்கிற நிலை இருக்கே, அதப் பாக்கணும். நாப்பது பேரு முன்னாடி பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி நிக்கிறா."

அன்றைக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உங்களுக்கு வெஞ்சனம் வைக்கவில்லை. வெறும் ரசத்தை ஊற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வெஞ்சனம் இல்லையா என்று கேட்டதற்கு, "அவகிட்டப் போய்க் கேளுங்க, இட்லி மூடியில வச்சுத் தருவா" என்றேன். நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டே ரசத்தைக் குடித்தீர்கள். அடுத்த காலைக் காட்சிக்கு மறுபடியும் போனீர்கள், பாவி மனுசன்.

கொஞ்ச காலம் கழித்து டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவளைப் பார்க்க உட்கார்ந்தேன். ரத்தம் வருகிற இடமெல்லாம் புகை மாதிரி மறைத்திருந்தான். சண்டையெல்லாம் ஆரம்பிக்கும் முன்னே முடிந்தது. அவள் வரவே இல்லை. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். "டிவியில அவள வெட்டிட்டானுக பஞ்சு. தியேட்டர்லதான் இருக்கா" என்றீர்கள். ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

அப்புறம் நீங்கள் போய்விட்டீர்கள்.

விடியும் முன்னே சம்பங்கி மூட்டையை இறக்கிவைத்தவர், அதன்மேலேயே சாய்ந்தீர்களாம். அருளப்பன் அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். எனக்குத் தகவல் வந்து, நான் பஸ்ஸைப் பிடித்து, வாசலில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. வழியில் என்ன பேசினார் என்று அண்ணனிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஒண்ணும் பேசல தங்கச்சி. 'மெதுவாப் போ அருளு, குழி இருக்கு'ன்னான். அம்புட்டுத்தான்" என்றார்.

குழி இருக்கிறது என்று சொன்ன அந்தப் பேச்சு எனக்குக் கிடைக்கவில்லையே மாமா. அது அவருக்குக் கிடைத்துவிட்டது. துட்டிக்கு வந்த உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "தியேட்டர்ல அவன் சிரிச்சா முன்வரிசையே திரும்பிப் பாக்கும்." அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. வாழ்ந்தது என்னோடு, சிரித்தது அவர்களோடு. நான் அழுததில் பாதி அந்தப் பொறாமையில்தான். யாருக்கும் அது தெரியாது. புருசனுக்காக எப்படி அழுகிறாள் பாருங்கள் என்று சொன்னார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போஸ்டரைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. ஹீரோ முகமெல்லாம் ரத்தத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவளைத் தேடினேன், காணோம். நல்ல வேசம் கட்டுகிற பொம்பளையை எவன் போஸ்டரில் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னிவாடியிலிருந்து உங்கள் அக்கா வந்திருந்தார். விசயத்தைச் சொன்னதும் தாண்டிக் குதித்தார்.

"ஏ பஞ்சு, தலைத்திவசம் இன்னும் முடியல. துட்டி வீட்டுக்காரி கொட்டகைக்குப் போனா நாலு பேரு காறித் துப்ப மாட்டாகளா?"

"நான் சினிமாப் பாக்கப் போகல மதினி. ஒருத்தியப் பாக்கப் போறேன்."

"எவடி அவ?"

"உங்க தம்பி வாய் ஓயாமப் பேசுனவ."

மதினி முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "அப்பச் சரி, போ. மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

அருளப்பன் அண்ணன் ஆட்டோவில் கூட்டிப்போனார். உள்ளே போனதும் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம் எது என்று கேட்டேன். காட்டினார். அதில் ஒருவன் காலை முன்சீட்டில் தூக்கிப்போட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தான். அவனை எழுப்பலாமா என்று பார்த்தேன். "விடு தங்கச்சி, அவனும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கான்" என்று என்னை அடுத்த வரிசைக்கு இழுத்துப்போனார்.

என் பக்கத்தில் சின்னாளப்பட்டியிலிருந்து வந்த ஒரு புருசனும் பொண்டாட்டியும். கல்யாணமாகி ரொம்ப நாள் இருக்காது. வெட்டு விழும்போதெல்லாம் அந்தப் பெண் புருசன் தோளில் முகத்தைப் புதைப்பாள். "போச்சா? தலை போச்சா?" என்று கேட்பாள். "போச்சு, போச்சு, இப்பப் பாரு" என்பான் அவன். உடனே நிமிர்ந்து பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். படத்தைப் பார்க்க வந்த நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் பிள்ளைகள் ஒரே ஆட்டம். "ஏலே, ஆளு ரெண்டா விழுந்தும் போன் பேசுறான் பாருலே!" "டவர் நல்லாக் கெடைக்குது போல!" அவர்களுக்கு முன்னால் ஒரு வயசான மனுசர். வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சப் பை. "இது படமா, கறிக்கடையா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப எந்திரிச்சுப் போ தாத்தா" என்றார்கள். "ஏன் போகணும்? அடுத்து எவன் சாகுறான்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

உங்கள் பாயச அண்டா வந்தது மாமா. தலையும் பறந்துபோய் விழுந்தது. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முந்திரிக்காகக் காத்திருந்தேன். தலை ஒன்றும் பேசாமல் முங்கிவிட்டது.

"என்னண்ணே, தலை பேசலையே?"

அருளப்பன் அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "செத்த தலை எப்படித் தங்கச்சி பேசும்?"

சரி, அதையும் வெட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் பொம்பளைகள் கக்கூஸ் வரிசையில் அந்தச் சின்னாளப்பட்டிப் பெண் என் முன்னால் நின்றாள். படம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "எனக்கு ரத்தமே ஆகாதுக்கா. வெளிய ஒரு எலி அடிபட்டுக் கெடந்தாக்கூட சோறு எறங்காது. இவுக விட மாட்டேங்கிறாக. நீ பக்கத்துல இல்லாட்டி எனக்குச் சிரிப்பே வரலங்கிறாக" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று போடலாம் போல இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள், நல்ல பெண். ஆனால் ஒருத்தி புருசன் நீ இல்லாமல் சிரிப்பே வரவில்லை என்கிறான். இன்னொருத்தி புருசன் நீ வேணாம் என்கிறான்.

இடைவேளைக்கு அப்புறம் கல்யாண மண்டபம். நாற்பது பேர், அரிவாள், எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஹீரோ குத்துப்பட்டுக் கீழே விழுந்தான். நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். வாடி, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று.

வந்தது ரோடு ரோலர். எங்கிருந்தோ சுவரை இடித்துக்கொண்டு வந்தது. ஹீரோ அதில் ஏறி எல்லாரையும் அப்பளம் மாதிரி ஆக்கிவிட்டான். சீலிங் பேனில் ரத்தம் தெறித்து, அது சுற்றிச் சுற்றி மண்டபத்துக்கே தெளித்தது. விசில் காதைப் பிளந்தது. ஹீரோயின் என்று ஒரு ஒல்லிப் பெண் இருந்தாள். பாட்டுக்கு வந்தாள், பாட்டு முடிந்ததும் போய்விட்டாள். அவள் இல்லை இவள். அவளுக்கு இட்லிச் சட்டி எங்கே இருக்கும் என்றே தெரியாது.

விளக்குப் போட்டுவிட்டார்கள். அவள் வரவே இல்லை.

எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும். டிக்கெட் கிழிக்கிறவரைப் போய்ப் பிடித்தேன். "ஏய்யா, டிவிக்காரன் வெட்டுனான், சரி. டிக்கெட்டு வாங்குற நீங்களும் வெட்டலாமா? அந்தப் பொம்பள எங்க?"

"எந்தப் பொம்பளம்மா?"

"இட்லிச் சட்டி மூடியோட வருவாளே, அவ!"

"இட்லியா? எதுத்தாப்ல கடை இருக்கும்மா, போய்ச் சாப்பிடுங்க."

அந்த நேரத்தில்தான் மைக் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வெளியே வருகிறவர்களிடம் எல்லாம் படம் எப்படி என்று கேட்டுப் படம் பிடிக்கிறவள். ஒருவன் "தெறி" என்றான். ஒருவன் "லாஜிக் எல்லாம் வீட்டுல வச்சுட்டு வரணும்" என்றான். மஞ்சப் பைத் தாத்தா கூட, "படு மோசம். போன தடவ பாத்ததுக்கு இப்ப நல்லா இருக்கு" என்றார். என்னிடம் மைக்கை நீட்டினாள். "அம்மா, படம் எப்படி?" அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஊரே பார்க்கிறது.

அருளப்பன் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டீக்கடையில் உட்கார வைத்தார். "இந்தப் படத்த முழுசாப் பாத்தவன் நானு. அப்படி ஒரு பொம்பள இதுல இல்லவே இல்ல தங்கச்சி" என்றார்.

"அவர் சொன்னாரேண்ணே. எல்லாரும் வந்தாச்சா, இன்னும் ஆளு வரணுமான்னு கேப்பாளாம்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஏத்தா, அது நீ கேட்டதுல்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மூட்ட எறக்குற மொறையில தகராறு வந்து, நாலு பேரு குடிச்சுட்டு அவன அடிக்க வந்தானுகளே. அவன் காய்ச்சல்ல கெடந்தான். நான் சேதி தெரிஞ்சு ஓடி வாரேன், நீ இட்லி மூடியோட வாசல்ல நிக்கிற. நாலு பேரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறானுக. மறந்துட்டியா?"

மறக்கவில்லை மாமா. வேண்டுமென்றே புதைத்து வைத்திருந்தேன். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, கால் நடுக்கம் நிற்காமல் அழுதேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மறுநாள் மார்க்கெட்டில் உங்களைக் கேலி பேசியதாகக் கேள்விப்பட்டேன், பொண்டாட்டி முந்தானையில் ஒளிந்தவன் என்று. உங்களுக்கு என்னால் தலைகுனிவு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதனால்தான் நீங்கள் அவளைப் பற்றிச் சொன்னபோது, அந்த வார்த்தையைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. இப்போது இந்த வீடியோவிலும் அப்படித்தான், என் குரலையே என்னால் அடையாளம் காண முடியவில்லை, யாரோ ஒருத்தி கத்துகிறாள் என்றுதான் நினைத்தேன். அதோடு நம் வாசலில் வந்தவர்கள் நாலு பேர். நீங்கள் அதை நாற்பது ஆக்கிவிட்டீர்கள். தலைகுனிவு என்று நினைத்திருந்ததை அண்ணனிடம் சொன்னேன்.

"தலைகுனிவா? அவனுக்கா?" என்றார் அண்ணன். "ஒவ்வொரு தடவையும் படம் விட்டு வெளிய வரும்போது சொல்லுவான், 'எல்லாம் இருக்கு அருளு, ஒரு ஆளு கொறையுது'ன்னு. எந்த ஆளுடான்னு கேட்டா மீசையத் தடவுவான்."

பிறகு அவரே ஒன்று கேட்டார். "படத்தப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையே. அம்புட்டுப் பேரு சிரிச்சாக, உனக்குச் சிரிப்பு வரலையா?"

"வெட்டுப்பட்டு விழுந்தவனுக்கெல்லாம் வீடு இருக்கும்லண்ணே" என்றேன்.

"இதத்தான் அவன் வேற மாதிரிச் சொல்லுவான். நெசத்துல ஒருத்தன் விரல் நசுங்குனா நமக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. இங்க ஊரே சாகுது, ஒரு வீட்டுலயும் அழுக சத்தம் இல்ல. அதனாலதான் சிரிக்க முடியுது அருளுன்னு சொல்லுவான்."

நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். அங்கே சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சின்னாளப்பட்டிப் பெண் எலிக்காகச் சோறு தின்னாதவள். ஆனால் அழுகிற வீட்டிலிருந்து போனவளுக்கு அந்தச் சத்தம் எங்கே போனாலும் கேட்கிறது. சிரிக்க முடிந்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அதுதான் படத்தைப் பற்றி என் கருத்து. மைக்கில் இதைச் சொல்ல வரவில்லை.

மதினி வாசலிலேயே காத்திருந்தார். "பாத்தியா? எப்படி இருக்கா?" என்றார். "உங்க தம்பி ரசனைக்கு ஏத்த மாதிரித்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இனி என் வயிறு குளிர வேண்டும், இல்லையா? அவள் நான்தான் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் அத்தனை ஆட்டம் ஆடியது எனக்குத்தான். இல்லை மாமா, முன்னை விட அதிகமாக எரிகிறது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுததில்லை. அவளுக்குக் கால் நடுங்கியதில்லை. நீங்கள் கதை சொன்ன ஒவ்வொரு மத்தியானமும் அவள் சரியான நேரத்துக்கு வந்து நின்றாள். அவள் புருசன் ஒரு தடவை கூடச் சாகவில்லை. நான் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் நான்தான் என்பதை ஏன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை? 'நீ நின்ன நிலை இருக்கே பஞ்சு' என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன? அவளிடம் கொடுத்துவிட்டீர்களே எல்லாவற்றையும்.

மண்டிக்குப் போனேன். வீடியோவைப் பார்த்துவிட்டு எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். படக்கதை சொல்லியே ஆக வேண்டுமாம். வத்தலைக் கிள்ளிக்கொண்டே சொன்னேன். பாயச அண்டாவில் விழுந்த தலையை முந்திரி பத்தல என்று பேச வைத்தேன். அவளையும் இட்லி மூடியோடு வர வைத்தேன். சரி, வரட்டும், என்ன செய்வது. ஆனால் அவள் மூடியை ஓங்குமுன்னே, நான் நினைக்காமலே, நடுவில் ஒரு லோடுமேன் வந்துவிட்டார். தலையில் சும்மாடு, தோளில் சம்பங்கி மூட்டை. "செத்த வழி விடுங்கப்பா, பூ வாடுது" என்கிறார். நாற்பது பேரும் அரிவாளை இறக்கிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். மூட்டையை இறக்கி வைக்கிறார். அதன்மேலேயே சாய்கிறார்.

அங்கே கதையை நிறுத்திவிட்டேன். எல்லார் கையும் நின்றது.

"அப்புறங்கக்கா?" என்றாள் ராணி. தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண்.

"அப்புறம் என்ன? எந்திரிக்கிறாரு. எந்திரிச்சு, மேலுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, காலைக் காட்சிக்குப் போறாரு."

எல்லாரும் கை தட்டினார்கள் மாமா. வத்தல் தூசி பறந்து ஒரே தும்மல். தும்மல் அடங்கியதும் ராணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங்கக்கா, அந்த லோடுமேனா நடிச்சது யாருங்க? மீசையெல்லாம் இருக்குங்களா? அவரு வர்ற எடத்த இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்றாள்.

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வேலையப் பாருடி" என்றேன்.

இந்தப் பெண்கள் விடமாட்டார்கள், இனி கதை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எந்தப் படம் என்றாலும் உங்களை அதில் சேர்த்துவிடுவேன், எத்தனை பேர் வெட்ட வந்தாலும் உங்களை எழுந்திரிக்க வைப்பேன். இது சத்தியம். ஆனால் அந்த லோடுமேனுக்கு ஒரு பொண்டாட்டி இருக்கிறாள், பொல்லாதவள் என்பதை இனிமேல் முதலிலேயே சொல்லிவிடுவேன். அதுவும் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், உங்கள் வீட்டுக்காரி,
பஞ்சவர்ணம்